காருக்குப் போட்ட மயிலிறகு

முப்பத்தாறு வயதில் மாடக்கண்ணுவுக்கு ஒரு பெண் வீட்டிலிருந்து தகவல் வந்தது. புதன்கிழமை வரலாம், பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் வந்துவிட வேண்டும். இதற்கு முன் மூன்று வீட்டில் நேரம் தவறிப் பெண்ணைத் தவறவிட்டவன். ஆகவே இந்தத் தடவை கார்.

கார் மச்சான் துரைப்பாண்டியுடையது. பழசாக வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரியவர் என்று சொல்லிக்கொள்ள வன்னியப்பன் சித்தப்பா பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பெட்ரோல் பங்க்கில் நின்ற பெண், "சாதாவா, பிரீமியமா?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் இறங்கினார்கள். உட்கார்ந்துகொண்டு முடிவு செய்கிற விஷயமாக அது தெரியவில்லை.

"பிரீமியம் எனக்குத் தெரியும்லே," என்றார் சித்தப்பா. "உங்க சித்தி பேர்ல இருபது வருசமாக் கட்டுதேன். ஆள் போனாத்தான் பலன்."

"அப்ப வண்டி செத்த பிறகுதான் ஓடுமா?" என்றான் துரைப்பாண்டி.

மாடக்கண்ணுவுக்கு வேறு கவலை. "சாதாவைப் போட்டா மாப்பிள்ளையும் சாதான்னு நினைச்சிருவாங்களே!"

"முன்சீட்டுக்குப் பிரீமியம், பின்சீட்டுக்குச் சாதா," என்று சித்தப்பா தன் பங்கை விட்டுக்கொடுத்தார்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "அண்ணே, வண்டிகூட ஒரு புத்தகம் குடுத்திருப்பாங்க. அதுல என்ன போட்டிருக்கோ அதையே போட்டுக்கோங்க."

புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். நடுவில் ஒரு மயிலிறகு போட்டிருந்தது.

துரைப்பாண்டி அதை ஒடியாமல் டேங்குக்குள் இறக்கி மூடினான்.

"பெட்ரோல்?" என்றாள் அவள்.

"புத்தகத்துல பெட்ரோல் இல்லம்மா," என்றான் மாடக்கண்ணு. "நல்லாப் பார்த்துட்டோம்."

கார் ஆறு கிலோமீட்டர் ஓடியது. மயிலிறகில் வண்டி நன்றாக இழுக்கிறது என்று சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

"ஒரு இறகு எவ்வளவு தூரம் போகும்?" என்றான் துரைப்பாண்டி, காரை விட்டுக்கொடுக்காமல்.

"பொறுங்கலே," என்றார் சித்தப்பா. "மயிலிறகு குட்டி போடும். பள்ளிக்கூடத்துல நாம வச்சுப் பார்க்கலையா?"

அரைமணி நேரம் காத்திருந்தார்கள். மாடக்கண்ணு இரண்டு தரம் டேங்கில் காது வைத்துக் கேட்டான். உள்ளே எந்தச் சலனமும் இல்லை. மணி பத்தே முக்கால். இப்படியே நின்றால் நான்காவது பெண்ணும் கைவிட்டுப் போய்விடுவாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "தள்ளுங்க சித்தப்பா," என்றான்.

நான்கு கிலோமீட்டர். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, பெண் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பெண்ணின் அப்பா அணைஞ்சபெருமாள் வெகுநேரம் காரையே பார்த்தார். "கார் வச்சிருந்தும் அதுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு நடந்தே வந்திருக்காரு. தங்கமான குணம்!"

செண்பகவடிவு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மாடக்கண்ணுவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு தூரம் தள்ளிட்டு வந்தவரை எப்படிப்பா வேண்டாம்னு சொல்ல?" என்றாள். மாடக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

மாமனார் யாரையும் கேட்காமல் பெட்ரோல் வாங்கி ஊற்றி, "வழி குழம்பிச்சுன்னா முன்னால போற பஸ்ஸைப் பார்த்தே போங்க மாப்ள," என்று அனுப்பிவைத்தார்.

பார்த்தே போனார்கள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றார்கள். சாயங்காலம் பஸ் ஏதோ ஓர் ஊர் டிப்போவுக்குள் போய் அணைந்தது. அவர்களும் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் காவலாளியிடம் விசாரித்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ் இனி காலையில்தான் என்றார் அவர்.

காரில் இருந்தபடியே மாடக்கண்ணு மாமனாருக்குப் போன் செய்தான். "மாமா, தப்பான பஸ்ல வந்துட்டோம். காலையிலதான் அடுத்த பஸ்ஸாம்."

மறுமுனையில் அணைஞ்சபெருமாள் பதறிப்போனார். "காலை பஸ்ஸுன்னா கூட்டம் அள்ளுமே! இப்பவே துண்டைப் போட்டு இடம் பிடிங்க மாப்ள!"

மூன்று பேரும் காரின் சீட்டுகளில் துண்டை விரித்து இடம் பிடித்தார்கள். பிறகு இறங்கி வெளியே நின்று, ராத்திரி முழுக்க ஆள்மாற்றி ஆள் காவல் காத்தார்கள். ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. விடிந்ததும் காவலாளி வந்து அதில் உட்கார்ந்துகொண்டு, "வண்டி எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்டார்.