ஆட்காட்டி போட்ட ஒரே கூச்சல்

அந்தக் காலத்தில், முயலும் ஆமையும் நம்மைவிட அதிகமாகவே பேசிக்கொண்டிருந்தபோது, பாதி வற்றிய ஏரி ஒன்றில் ஆட்காட்டிப் பறவைக்குக் காவல் வேலை. பனையுச்சியில் இருக்கும் கரிச்சான் குருவி நரியைக் கண்டால் அவளிடம் சொல்லும். அவள் கீழே இறங்கி, ஒவ்வொருவரையும் யாரென்று கேட்டு, செய்யவேண்டியதைச் சொல்லவேண்டும். இறக்கை இருந்தால் பற, நாலு கால் இருந்தால் ஓடு. சட்டம் அவ்வளவுதான்.

சொல்ல எளிது. செய்யப் போனால் தலை சுற்றும்.

"நீங்க யாருங்க?" என்றாள் ஆமையிடம்.

"நேத்தும் இதையேதான் கேட்ட. ஆமை!"

"எத்தனை காலு?"

"நாலு."

"அப்ப ஓடுங்க!"

ஆமை ஓடியது. அதாவது, ஓடுவதாக நினைத்துக்கொண்டது. நரி அதன் முதுகைக் கடித்துப் பார்த்து, பல்வலியோடு திரும்பிப் போனது.

முள்ளெலிக்கோ மூக்கில் கடி. "சும்மா சுருண்டு படுத்திருப்பேன். என்னை எதுக்குடியம்மா ஓடச் சொன்ன?" என்று சண்டைக்கு வந்தது.

சரி, முள் இருந்தால் சுருளு என்று சட்டத்தில் ஒன்றைச் சேர்த்தாள். தவளைக்காக இன்னொன்று. பட்டியல் நீள நீள அவளுக்கே குழம்பிப்போய், ஒருநாள் முயலைத் தண்ணீரில் குதிக்கச் சொன்னாள். பாவம், அதுவும் குதித்துத் தொலைத்தது.

அவளுடைய மூன்று குஞ்சுகள் பொரிந்த மறுநாள் காலை, கரிச்சான் அலறியது. "நரி! கிட்ட வந்துட்டான்!"

ஆட்காட்டி குஞ்சுகளைப் பார்த்தாள். இறக்கை இருக்கிறது, பறக்கத் தெரியாது. கால் இரண்டுதான், ஓடினாலும் நரி விடாது. இதுகளை எதில் சேர்ப்பது? என்ன சொல்வது? ஒன்றும் புரியவில்லை. சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மேலே எழும்பினாள். பற என்றும் சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை. பெற்றவள் கத்துகிற கத்து, அவ்வளவுதான்.

"வந்துட்டான்! வந்துட்டான்!"

முயல் பறந்தடித்து ஓடியது. தவளை தண்ணீருக்குள் பாய்ந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது, முள்ளெலி சுருண்டது. நரி ஏரி முழுக்க மோப்பம் பிடித்துவிட்டு வெறும் வாயோடு திரும்பியது.

அவள் இறங்கி வந்து தேடினாள். குஞ்சுகளைக் காணோம். வெறும் மண்ணும் கல்லும்தான் கிடந்தன. போய்விட்டன என்றே நினைத்து அழுதாள்.

அப்போது ஒரு கல் கண்ணைத் திறந்தது. "அம்மா, எந்திரிக்கலாமா?"

"ஐயோ என் கண்ணுகளா! உங்களை யாரு இப்படிப் படுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலியே. நீ கத்தின, நாங்க படுத்துக்கிட்டோம்."

அன்று முதல்தான் ஆட்காட்டி யாரையும் யாரென்று கேட்காமல் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கூச்சலைப் போடுகிறாள். அதைக் கேட்டு அவரவர் தமக்குத் தெரிந்ததைச் செய்து பிழைத்துக்கொள்கிறார்கள், அது எப்படி என்று மட்டும் அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.