கரையை விடாத நால்வர்

விறைச்சான்மலையின் உச்சியில் நடுங்கலூர் என்று ஒரு ஊர். அந்த ஊருக்கு ஆண்டவன் ஓர் ஏரியைக் கொடுத்தான், மூங்கிலைக் கொடுத்தான், நல்ல தேனைக் கொடுத்தான். புத்தியைக் கொடுக்க வந்தபோது ஊரே குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்ததாம். அவனும் எத்தனை நேரம்தான் தட்டிக்கொண்டிருப்பான்?

அந்த ஊரிலும் பொறுக்கியெடுத்த முட்டாள்கள் நான்கு பேர். ஏரியில் ஓடிய ஒரே படகுக்குச் சொந்தக்காரன் கொண்டல்சாமி. அதில் துடுப்புப் போட்டவர்கள் பேயாண்டி, முத்திருளன், சன்னாசி. மாசியிலிருந்து புரட்டாசி வரை அக்கரைக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தார்கள். ஐப்பசிக் குளிர் இறங்கியதும் துடுப்பைப் போட்டுவிட்டு, கொண்டல்சாமி வீட்டு அடுப்பங்கரைக்கு வந்துவிடுவார்கள். வந்தால் தை கழியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். கொண்டல்சாமியின் பெண்டாட்டி செங்கமலம், நாலு ஜோடி முழங்கால்களுக்கு நடுவில் கையை நுழைத்துத்தான் சோறு வடிக்க வேண்டும்.

செங்கமலம் கடலோரத்து நண்டுக்குப்பத்தில் பிறந்தவள். படகுக்கார மாப்பிள்ளை என்று சொல்லி மலைக்குக் கூட்டிவந்து கல்யாணம் பண்ணிவைத்தார்கள். எத்தனை மாதம் ஓடுகிற படகு என்று யாரும் விசாரிக்கவில்லை. மூன்றாவது வருஷம் கார்த்திகையில் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பன்னண்டு மாசமும் படகு ஓட்டுற ஆம்பளைகூடத்தான் நான் குடும்பம் நடத்துவேன். என்னைக்கு அப்படி ஓட்டுறியோ, அன்னைக்குச் சொல்லியனுப்பு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டாள்.

கொண்டல்சாமிக்கு அவள்மேல் உயிர். மூன்று நாள் அழுதான், மூன்று நாளும் சாப்பிடவில்லை. சமைக்க ஆளில்லாததும் ஒரு காரணம். நான்காம் நாள் மந்திராலோசனை கூடியது.

"படகு ஏன் ஓடலை?" என்று கேட்டான் கொண்டல்சாமி.

"குளிருதுல்ல?"

"யாருக்கு?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். "ஏரிக்கு" என்றான் பேயாண்டி.

உடனே பதினெட்டுக் குடம் வெந்நீர் வைத்து ஏரியில் ஊற்றினார்கள். விரலை விட்டுப் பார்த்தார்கள். ஏரிக்குச் சுரணையே இல்லை. பிறகு நான்கு பேருடைய கம்பளிகளையும் ஒன்றாகத் தைத்து ஏரிக்குப் போர்த்தினார்கள். கம்பளி முழுகிப் போனது. "இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கிடுச்சு, சத்தம் போடாதீங்க" என்றான் சன்னாசி. நால்வரும் பூனை மாதிரி நடந்து வீட்டுக்குத் திரும்பினார்கள், கம்பளி இல்லாமல்.

அந்தச் சமயத்தில் செங்கமலத்தின் அண்ணன் கலியபெருமாள் கருவாட்டுக் கூடையோடு மலைக்கு வந்தான். மைத்துனன் பல் கிடுகிடுக்க நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"மாப்ள, இந்தக் குளிர்ல கிடந்து ஏன் சாவுறீங்க? கீழ எங்க பக்கம் வந்துடுங்க. நல்ல வெயில். வருஷம் பூரா ஓட்டலாம்."

"வழி தெரியாதே மச்சான். நான் கடலையே பார்த்ததில்லையே."

"அடிவாரத்துல இருந்து வெயிலைப் பார்த்து நடங்க, கடல் வந்துடும். போற வழியில பாய் ஒண்ணு வாங்கிக்குங்க. பாயை விரிச்சுட்டீங்கன்னா காத்து தானா கொண்டுபோயிடும், துடுப்புகூட வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, நீங்க கடலுக்குப் புதுசு. என்ன ஆனாலும் கரையை மட்டும் விட்டுடாதீங்க."

ஏரியில் துடுப்பைத் தவிர வேறெதையும் அறியாதவர்களிடம் பாய் என்றால் என்ன பாய் என்று சொல்ல வேண்டாமா? கலியபெருமாளுக்குக் கூடையில் இன்னும் பாதிக் கருவாடு இருந்தது. அடுத்த ஊருக்குப் போய்விட்டான். நால்வரும் அவன் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார்கள். அதுதான் ஆபத்து.

படகைக் கவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு புறப்பட்டார்கள். படகுக்கு அடியில் போனால் வெயில் தெரியவில்லை. அதனால் சன்னாசி மேலே ஏறி உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டான், மற்ற மூவரும் படகையும் அவனையும் சுமந்தார்கள். அடிவாரத்து ஆலமரத்திலிருந்து காலையில் வெயிலைப் பார்த்துக் கிழக்கே நடந்தார்கள். உச்சிப்பொழுதில் வெயில் தலைக்கு மேல் வந்தது. மேலே நடக்க வழியில்லாததால் நின்றார்கள். பிறகு வெயில் அந்தப் பக்கம் சாய்ந்தது, அவர்களும் திரும்பி மேற்கே நடந்தார்கள். பொழுது சாயும்போது ஓர் ஆலமரம் வந்தது.

"இந்த ஊர்லயும் அதே மாதிரி ஆலமரம் இருக்கு அண்ணே" என்றான் முத்திருளன்.

மறுநாளும் ஓர் ஆலமரம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. "நாடு முழுக்க ஒரே அச்சுல செஞ்சு நட்டு வச்சிருக்காங்க" என்று வியந்தான் பேயாண்டி.

ஐந்தாம் நாள் முதல் மத்தியானமானால் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் வெயில் இல்லை. வெயில் இல்லாமல் எதைப் பார்த்து நடப்பது? படகைக் குடையாகக் கவிழ்த்து அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்படி மாலையெல்லாம் நடக்காமல் இருந்ததால்தான் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் உருப்படியாக நடந்தது இந்த ஒன்றுதான், அதற்கும் அவர்கள் காரணமில்லை.

வழியில் ஒரு சந்தையில் பாய்க் கடை இருந்தது.

"எத்தனை பேர் படுக்க?" என்றான் கடைக்காரன்.

"படுக்க இல்லய்யா, படகு ஓட்ட" என்றான் கொண்டல்சாமி. "நாலு பேர் ஓட்டப் போறோம்."

கடைக்காரன் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாலு கோரைப்பாய்களைச் சுருட்டிக் கொடுத்தான். தலையணையும் தரட்டுமா என்றதற்கு முத்திருளன் கண்டிப்பாக மறுத்துவிட்டான். கலியபெருமாள் பாயைத்தான் சொன்னான், தலையணையைச் சொல்லவில்லை.

கடலைக் கண்டதும் நால்வரும் வாயைப் பிளந்தார்கள்.

"எம்மாம் பெரிய ஏரி! அக்கரையே காணோமே" என்றான் சன்னாசி. "அக்கரை இல்லாத ஏரிக்குப் படகு எதுக்கு?"

"வருஷம் பூரா ஓட்டத்தான்" என்றான் கொண்டல்சாமி. "அக்கரை வந்துட்டா நிறுத்த வேண்டியதுதானே?"

இந்தப் பதிலில் இருந்த ஆழத்தை நினைத்து மற்ற மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

படகைத் தண்ணீரில் தள்ளி, அதில் பாய்களை விரித்து, ஏறி உட்கார்ந்து, கரையை விடக்கூடாதே என்று ஆளுக்கொரு பிடி மணலைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அலை வந்தது. பிடித்த கரை விரலிடுக்கில் கரைந்து போனது. மறுபடி பிடித்தார்கள், மறுபடி போனது. நாலாவது தடவை கொண்டல்சாமி கீழே இறங்கிவிட்டான்.

"கரை கையில நிக்க மாட்டேங்குதுடா. வழுக்குது."

"நாம விடாம இருந்த ஒரே கரை அடுப்பங்கரை" என்றான் பேயாண்டி. "அதை நாம எப்படிப் பிடிச்சிருந்தோம்?"

"கையால பிடிக்கலை. மேல உட்கார்ந்திருந்தோம்."

"அப்ப இதுமேலயும் உட்காருவோம். படுத்துக்கிட்டா இன்னும் கெட்டி."

ஆக, கரைமேல் பாயை விரித்து நால்வரும் மல்லாந்து படுத்தார்கள். பாயும் விரித்தாயிற்று, கரையையும் விடவில்லை. இனி காற்று வந்து கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. படகு பக்கத்தில் ஒரு முளையில் கட்டிக் கிடந்தது. கொண்டல்சாமி, அந்த வழியாக நண்டுக்குப்பத்துக்குப் போன மீன்காரியிடம், "செங்கமலத்துக்கிட்ட சொல்லு தாயி, இனிமே பன்னண்டு மாசமும் ஓட்டப்போறேன்" என்று சொல்லியனுப்பினான்.

செங்கமலம் என்னதான் கோபக்காரியானாலும், அந்தச் சேதி கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தனக்காக மலையை விட்டு, படகைத் தலையில் சுமந்து வந்திருக்கிறான் என்று நினைத்தாள். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்தாள். வந்து பார்த்தால் நான்கு பேரும் பாயில் கிடக்கிறார்கள்.

"என்னய்யா பண்றீங்க?"

"ஓட்டுறோம்" என்றான் கொண்டல்சாமி. "காத்துதான் இன்னும் சரியா வரலை."

காற்று அவள் சேலைத் தலைப்பைப் பறக்கடித்துக்கொண்டிருந்தது. செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, புருஷன் முதுகுக்கு அடியிலிருந்து பாயை ஒரே இழுப்பாக உருவினாள். படகுக்குள் செருகிக் கிடந்த ஒரு துடுப்பை அதன் நடுவில் நிறுத்திக் கட்டி, பாயை அதில் மாட்டினாள். கோரைப்பாய் காற்றில் புடைத்துக்கொண்டது.

"இதுக்குப் பேருதான்யா பாய் விரிக்கிறது. ஏறு. நீயும் நானுமா ஒரு சுத்துப் போய்ட்டு வருவோம், வா."

அவள் குரல் இறங்கியிருந்தது. அப்போது அவன் எழுந்து போயிருந்தால் இந்தக் கதைக்கு நல்ல முடிவு இருந்திருக்கும்.

"எப்படி வருவேன் செங்கமலம்? என்ன ஆனாலும் கரையை விடாதேன்னு உங்கண்ணன் சொல்லியிருக்காரே" என்றான் அவன்.

செங்கமலம் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். படகு சர்ரென்று கிளம்பியது. சன்னாசி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணே! நகர்றோம்!"

நால்வரும் பார்த்தார்கள். செங்கமலமும் படகும் தூரமாகிக்கொண்டே போனார்கள்.

"என்னா வேகம்டா!" என்று கூவினான் கொண்டல்சாமி. அடுத்த நொடியே அவன் முகம் வாடியது. "ஐயோ, எம் பொண்டாட்டி பின்தங்கிட்டாளே! நிறுத்துங்கடா!"

நால்வரும் குதிகாலை மணலில் ஊன்றிக் கரையை நிறுத்தப் பார்த்தார்கள். அரை நாள் ஊன்றினார்கள். குதிகால் தேய்ந்தது. ஒருவழியாகப் படகு பெரிதாகத் தெரிய ஆரம்பித்து, கிட்டே வந்து, கரையைத் தொட்டது. உள்ளே குப்பத்திலிருந்து எடுத்த வலையும் ஒரு கூடை மீனும் இருந்தன.

"பயந்துட்டியா?" என்றான் கொண்டல்சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன்னை விட்டுட்டுப் போயிடுவேனா? மூச்சைப் பிடிச்சுத் திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

செங்கமலம் அவனையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு படகைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள்.

"நல்லா ஓட்டுறய்யா. தினமும் இப்படியே ஓட்டு. பன்னண்டு மாசமும் ஓட்டு."

அன்று முதல் அவள் தினமும் கடலுக்குப் போய் வருகிறாள். வந்து, சொன்ன சொல் தவறாமல் நால்வருக்கும் சோறு போடுகிறாள். அவர்களும் ஒரு நாள் தவறாமல் ஓட்டுகிறார்கள். மாலையில் அந்தக் கடற்கரைக்குப் பத்துப் பேர் காற்று வாங்க வந்து நின்றால் போதும், பாயில் படுத்தபடியே சன்னாசி பதறிப்போய்க் கத்துவான்:

"யோவ், எல்லாரும் ஒரே பக்கமா நிக்காதீங்கய்யா, கவிழ்ந்துடும்!"