இருபத்திரண்டு படி

"அந்தப் பையனைப் பேச வைக்கறதுக்கு என்னதான் பண்ணணும், மேடம்?"

வைரவநாதன் சார் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஹபீபா மேடம் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். மூடி வைத்தார்.

"உக்காருங்க சார்."

"உக்கார நேரமில்லை. வெள்ளிக்கிழமை மார்க் கொடுத்தாகணும்."

ஸ்டாஃப் ரூமில் நான் மேடத்துக்குப் பக்கத்து மேஜைக்காரி. இந்தக் கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைரவநாதன் சாருக்கு ஐம்பத்து நாலு வயது. கம்யூனிகேஷன் பாடத்துக்கு மூத்த ஆசிரியர். கெட்ட மனுஷர் இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர். கல்லூரி விழா என்றால் மைக் அவர் கையில்தான் இருக்கும். திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஹபீபா மேடத்துக்கு முப்பத்திரண்டு. அதே பாடம், வேறு பிரிவு. வந்து மூன்று வருஷம் ஆகிறது.

அவருடைய வகுப்பு என் வகுப்புக்கு அடுத்த அறை. ஒரு நாள் பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி படத்தைப் பார்த்துச் சொல்வாள், இன்னொருத்தி பார்க்காமலே வரைவாள். குதிரை என்று ஆரம்பித்தது நாற்காலியாக முடியும். இன்னொரு நாள் வாயே திறக்காமல் பத்துப் பேர் சேர்ந்து பழைய பேப்பரில் பாலம் கட்டுவார்கள். அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் என் கால்குலஸ் காற்றோடு போய்விடும்.

சண்டை போடலாம் என்று இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்படி ஒரு வகுப்பை நான் ஜென்மத்தில் எடுத்ததில்லை. எடுக்கவும் வராது.

அந்தச் சின்ன வயசு மேடத்திடம்தான் பெரியவர் வந்து கேட்டார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

"எந்தப் பையன் சார்?"

"நவநீதன். பி.காம் மூணாவது வருஷம். பேச்சு திக்கும். நானும் எல்லா ஆக்டிவிட்டியும் செஞ்சு பாத்துட்டேன். ஜோடியா பேச விட்டேன், குரூப் டிஸ்கஷன் வெச்சேன், ஒரு நிமிஷப் பேச்சு வெச்சேன். ஒண்ணுக்கும் அசையலை."

"ஓரல் டெஸ்ட்ல என்ன ஆச்சு?"

"உன்னைப் பத்திச் சொல்லுன்னேன். திணறினான். பாவமேன்னு பேரை நானே சொன்னேன். ஊரை நானே சொன்னேன். தலையை ஆட்டிட்டு நிக்கிறான். ஐம்பதுக்குப் பதினொண்ணு போட்டிருக்கேன்."

"பாஸுக்கு?"

"இருபது வேணும். இதுல போச்சுன்னா கேம்பஸ் இன்டர்வியூல உக்கார விட மாட்டாங்க. அக்கவுன்டன்சில நூத்துக்கு நூறு வாங்கற பையன், மேடம். எனக்கு மட்டும் ஃபெயில் போட ஆசையா?"

கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கே சங்கடமாகப் போயிற்று.

"அவர் எங்க இருக்கார்?"

"வெளியில நிக்கிறான்."

ஹபீபா மேடம் எல்லா மாணவர்களையும் அவர், இவர் என்றுதான் சொல்வார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதற்காகக் கிண்டல் செய்ததும் உண்டு. செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அவர் எழுந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டார்.

"வாங்க சார்."

வெளியே வராந்தாவில் நவநீதன் தூணை ஒட்டி நின்றான். மூவரும் மாடிப்படிக்குப் போனார்கள். நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

"இருபத்திரண்டு படி சார். நடுவுல ஒரு திருப்பம் இருக்கு. நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு இறங்கணும். இவர் வழி சொல்லுவார்."

"ஆக்டிவிட்டி இவனுக்குத்தானே?"

"கையைப் பின்னால கட்டிக்குங்க. சுவரைத் தொடக் கூடாது."

சார் என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார். மேடம் துணியைக் கட்டினார்.

நவநீதன் வெளிறிப் போய்விட்டான்.

"வே... வேண்டாம் மேம்."

"உங்க சாரைப் பத்திரமா கீழ கொண்டுபோய் விடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். தைரியம் சொல்லவில்லை, தட்டிக் கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். சத்தமில்லாமல் மூன்று படி கீழே இறங்கி, மேலே பார்க்கத் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சாருக்கு அது தெரியாது.

பையன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

"முன்னால வரணுமா? வரேன்," என்றார் சார். வந்தார்.

பையன் மறுபடி ஆரம்பித்தான்.

"படிதானே, தெரியுது, தெரியுது."

இறங்கினார். அடுத்ததும் அப்படியே. அவன் ஆரம்பிப்பான், இவர் முடிப்பார். நாலு படி ஆயிற்று, முன்னால் மேடமும் நாலு படி இறங்கியிருந்தார். வழி சொல்கிறவன் வாயையே மூடிக்கொண்டான். சார்தான் பேசிக்கொண்டே இறங்கினார்.

ஐந்தாவது படியில் அவர் கால் ஓரத்துக்குப் போய்விட்டது. பையன் கையை நீட்டிப் பதறினான். தொண்டை நரம்பு புடைத்தது.

"அடுத்த படி, அவ்வளவுதானே," என்று சார் காலை வைத்தார்.

குதிகால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பியில் முழங்கால் மோதிய சத்தம் எனக்கே வலித்தது. அப்படியே முன்னால் சாய்ந்தவரை மேடம் தோளோடு பிடித்து நிறுத்தினார்.

"யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க எனக்கு முன்னாலயா இருக்கீங்க?"

"ஆமா சார்."

"அவன் அடுத்த படின்னுதானே சொன்னான்?"

"அவர் இன்னும் சொல்லி முடிக்கலை சார்."

சார் கட்டை அவிழ்த்துவிடுவார் என்று நினைத்தேன். அவிழ்க்கவில்லை. நிமிர்ந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒரு காலைத் தூக்கினார். தூக்கியது தூக்கியபடி நின்றார்.

பையன் ஆரம்பித்தான். நின்றது. மறுபடி ஆரம்பித்தான். சார் உதடு அசைந்தது, மூடிக்கொண்டது.

"கொ... கொஞ்சம்... இடது பக்கம் சார்."

சார் காலை இடது பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். எனக்கு நாக்கு துறுதுறுவென்று இருந்தது. அந்தச் சொல்லை நானே சொல்லித் தொலைத்துவிடலாமா என்று தோன்றியது. என் வகுப்பில் நான் மட்டும் வேறென்ன செய்கிறேன்? கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டு எண்ணுவதற்குள் பதிலைப் போர்டில் எழுதுகிறவள்தானே.

திருப்பத்தில் ஒரே ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. சார் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. கீழே நாலைந்து பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒருத்தன் சிரித்தான். மேடம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவரும் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தார், விரித்த கையை மடக்காமல். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

"த... தரை சார்."

சார் காலை வைத்தார். இரண்டு பாதத்தாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டார். கட்டை அவிழ்த்தார். நான் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு மணி பார்த்தேன். பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

பையனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சார் திரும்பி, இறங்கி வந்த படிகளை மேலே வரைக்கும் பார்த்தார். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி மடிப்பு கலையாமல் நாள் முழுக்க நின்றே பாடம் எடுக்கிறவர்.

"நவநீதா."

"சார்."

"நான் போட்ட மார்க்கை அடிச்சிடறேன். மறுபடி கேக்கறேன். உன்னைப் பத்திச் சொல்லு."

பையன் ஹபீபா மேடத்தைத் தேடினான். அவர் மேலே ஏறி, செருப்பை மாட்டிக்கொண்டு டிபன் பாக்ஸைப் பார்க்கப் போயிருந்தார்.

அவன் ஆரம்பித்தான். நின்றது.

மணி அடித்தது. மேலேயிருந்து பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். படியில் உட்கார்ந்திருக்கிற சாரைப் பார்த்து மிரண்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். அவருக்கு வகுப்பு இருந்தது. எனக்கும் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பையன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் நின்று நின்று சொன்னதை நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"எங்க அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் காது கேக்காது சார். பேச வராது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பேங்க், எங்க போனாலும் அவங்களுக்கு நான்தான் பேசணும். சின்ன வயசுலேருந்து எங்க வீட்டுல பேசுறவன் நான் ஒருத்தன்தான் சார்."