சொல்லிக்கொள்ளாமல்

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்துமூன்று. அதனால் அந்த ஆற்றங்கரை மடத்தில் குரு சீடரை ‘ஐயா’ என்று கூப்பிடுவார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். புதிதாக வருகிறவர்கள், யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள். இருவரும் அதைத் திருத்தியதில்லை.

குருவின் பெயர் செங்கமலம். சீடரின் பெயர் கொளஞ்சி.

அன்று காலை கொளஞ்சி மூச்சு வாங்க வந்தார். செங்கமலம் சமையல்கட்டில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வில்லைக்கும் வருகிற நாரை விரலில் சுற்றிக்கொண்டே போனார்.

“தார்மோ ஊரைவிட்டுப் போகிறார் அம்மா. நாளை சாயங்காலப் படகில். குழந்தையையும் கூட்டிக்கொண்டு.”

“ஏன்?”

“அதுதான் எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் புரிகிறது. புரிந்த இடம்தான் இன்னும் குழப்பமாக இருக்கிறது.”

தார்மோ குளிர்தேசத்துக்காரர். பதினொரு வருடத்துக்கு முன்னால் மனைவி இலினோடு கப்பலேறி வந்து, படகுத்துறையில் ஒரு மண்ணடுப்பு கட்டி ரொட்டி சுட்டு விற்கத் தொடங்கியவர். தமிழையும் அந்தத் துறையிலேயே படகுக்காரர்களிடம் கற்றார். அதனால் மரியாதைச் சொற்களைவிட வசவு அவருக்குச் சரளமாக வரும். தினமும் விடிந்ததும் கொளஞ்சி ஒரு சுமை விறகு கொண்டுபோய்ப் போடுவார். முதல் ரொட்டியை இருவரும் பிய்த்துத் தின்பார்கள். ஊரில் இருவருக்கும் வேறு நண்பர்கள் இல்லை.

எட்டு நாளைக்கு முன்னால் இலின் இறந்துபோனார். அடுப்பு அன்றைக்கு அணைந்தது.

“ஊரே போனது அம்மா. நானும் போனேன். குழி வெட்டியதே நாங்கள்தான். எல்லாம் முடிந்து அவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.”

“எப்படி வந்தீர்கள்?”

“எப்படி என்றால்? எல்லோரும் வருகிற மாதிரிதான். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டா கிளம்புவார்கள்? எழுந்தோம், வந்தோம்.”

“பிறகு?”

“பிறகு காரியத்துக்குப் போகலாம் என்று ஊர் இருந்துவிட்டது. அதற்குள் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் இருந்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் படகுக்காரன் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். ஓடினேன். மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லை.”

செங்கமலம் விரலில் இருந்த நார்ச்சுருளைக் கழற்றி வைத்தார்.

“அவர்கள் தேசத்தில் வேறு மாதிரியாம் அம்மா. சாவு வீட்டுக்கு வந்தவர் ஒவ்வொருவரும், கிளம்பும்போது வாசலில் நின்று, மறுபடி என்றைக்கு வருவேன் என்று சொல்ல வேண்டுமாம். ‘நாளைக்கு வருகிறேன்’, ‘சந்தை அன்றைக்கு வருகிறேன்’ என்று ஒரு நாளைச் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்த வீட்டில் மிச்சம் இருப்பவரும் செத்தவர் பின்னாலேயே போய்விடுவாராம். யாராவது வருவார் என்று காத்திருப்பதற்கு ஒரு நாள் வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்க முடியும் என்கிறார். சொல்லாமல் போனால், ‘இனி உன் வீட்டோடு எனக்குப் பேச்சில்லை’ என்று அர்த்தமாம்.”

“ஊர் முழுக்க அப்படிப் போயிருக்கிறது.”

“ஆமாம். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.”

“நம் வழக்கத்தை எடுத்துச் சொன்னீர்களா?”

“சொன்னேன். ‘தார்மோ, சாவு வீட்டில் வருகிறேன் என்று சொன்னால், இதே மாதிரி இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். உங்கள் வீட்டுக்கு அது வரக்கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டு வந்தோம். பிரியத்தில்தான்யா வந்தோம்’ என்றேன்.”

“என்ன சொன்னார்?”

“‘நல்ல வழக்கம்தான்’ என்றார். மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினார்.”

“அவ்வளவுதானா?”

“‘யோவ் கொளஞ்சி, நீ சொல்றது புரியுது. ஆனா எட்டு நாளா நான் கதவைச் சாத்தாம உட்கார்ந்திருந்தேனே, புரிஞ்சதால அந்த எட்டு நாள் இல்லேன்னு ஆயிடுமா?’ என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார். ‘சரி, இப்பவாவது வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போ. நீ ஒருத்தன் சொன்னாப் போதும். மூட்டையைப் பிரிச்சிடறேன்.’”

“சொல்லிவிட்டு வந்தீர்களா?”

கொளஞ்சி தரையைப் பார்த்தார்.

“இல்லை அம்மா. நாக்கு எழவில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது தடவையும்.”

செங்கமலம் இன்னொரு வில்லை நறுக்கினார்.

“மூன்று வார்த்தைகூட இல்லையே ஐயா.”

“உள்ளே குழந்தை இருக்கிறது அம்மா. நாலு வயது. அதை வைத்துக்கொண்டு எப்படி?”

“சொன்னால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகும் என்று நம்புகிறீர்களா?”

“நம்பவில்லை.”

“பிறகு?”

“நம்பவில்லைதான். ஆனால் ஒருமுறை ஆகியிருக்கிறது.”

செங்கமலம் அரிவாள்மனையை மடக்கினார்.

“இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அப்பா போனார் அம்மா. தார்மோ வந்து நாள் முழுக்க இருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, ‘நாளைக்கு வருகிறேன்’ என்றார். பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டார்கள். என் தங்கை அஞ்சலைதான் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஐயோ என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் சொன்னபடியே ரொட்டியோடு வந்தார். மூன்றாம் மாதம் அஞ்சலைக்கு மஞ்சள்காமாலை வந்தது. பிழைக்கவில்லை.”

“அவர் சொன்னதால்?”

“காமாலையால்தான். எனக்குத் தெரியாதா? வைத்தியரே சொன்னார்.” சற்று நிறுத்தினார். “ஆனால் அவள் சாவுக்கும் அவர் வந்தார் அம்மா. வாசலில் வந்து நின்றபோது, சொன்னபடி வந்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்றைக்கும் அவர் கிளம்பும்போது வாயைத் திறந்தார். நான் குறுக்கே போய் அவர் கையைப் பிடித்துத் தெருவரை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். என்னவோ அன்பு என்று நினைத்துக்கொண்டார்.”

“இதை அவரிடம் சொன்னதுண்டா?”

“இதையெல்லாம் சொல்ல முடியுமா?”

“இரண்டு வருடமாக அவரோடு தினமும் ரொட்டி தின்றிருக்கிறீர்கள்.”

“தின்றேன்.”

“இதை வைத்துக்கொண்டேவா?”

“இதை வைத்துக்கொண்டேதான். ரொட்டியும் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் புரியவில்லை.”

செங்கமலம் நறுக்கிய வில்லைகளை மோரில் போட்டு மூடினார். கை கழுவினார்.

“வாருங்கள், போகலாம்.”

“போய் என்ன சொல்வது?”

“எனக்கும் தெரியவில்லை. நடந்துகொண்டே யோசிப்போம்.”

நடந்தார்கள். யோசித்த மாதிரித் தெரியவில்லை.

தார்மோ கூடத்தில் பாத்திரங்களைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை துமி, கட்டி வைத்த மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது. குருவைப் பார்த்ததும் தார்மோ எழுந்து தலை குனிந்தார். கொளஞ்சியைப் பார்த்து, “மூணாவது வாட்டியும் சும்மா எழுந்து போகத்தான் வந்தியா?” என்றார்.

கொளஞ்சி உட்கார்ந்தார். அஞ்சலையைப் பற்றிச் சொன்னார். மடத்தில் சொன்னதைவிட மோசமாகச் சொன்னார். நடுவில் இரண்டு முறை தொடக்கத்துக்குப் போனார். வயிற்றில் கை வைத்ததைச் சொன்னார். தெருவரை இழுத்துப் போனதையும் சொன்னார்.

தார்மோவின் கையில் ஒரு கரண்டி இருந்தது. அதைப் பையில் போடாமல் வைத்திருந்தார்.

“என் வாயாலதான் அந்தப் பொண்ணு செத்தான்னு நினைச்சியா?”

“இல்லைன்னு தெரியும்யா.”

“அப்புறம்?”

“தெரிஞ்சும் அப்படித்தான் இருந்துச்சு.”

“அடப்பாவி! அந்தப் பொண்ணு எத்தனை நாள் இலினுக்குத் தலை வாரி விட்டிருக்கு. அப்பா போயி அந்தப் பொண்ணு தனியா இருக்குமேன்னுதான் நான் அன்னைக்குச் சத்தமாச் சொன்னேன். அவளுக்குக் கேட்கணும்னுதான் சொன்னேன்.”

“அவளுக்குக் கேட்டுச்சு.”

தார்மோ கரண்டியைக் கீழே எறிந்தார். அது சுவர்வரை போய் நின்றது. துமி சிரித்தது. யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டது.

“இவ்வளவையும் வெச்சுக்கிட்டு ஏன்டா தினம் விறகு தூக்கிட்டு வந்தே?”

“தெரியலை.”

“எதைக் கேட்டாலும் தெரியலை! சரி. காமாலைதானே? என் வாய் இல்லையே?”

“காமாலைதான்.”

“அப்ப எழுந்திரு. வாசல்ல போய் நில்லு. இப்ப நீ சொல்லு. நீ நம்பலேன்னா சொல்ல முடியும். சொல்லுடா, பார்க்கறேன்.”

கொளஞ்சி குருவைப் பார்த்தார். செங்கமலம் துமியின் சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி எதுவும் அங்கிருந்து வரவில்லை.

கொளஞ்சி எழுந்தார். வாசலுக்குப் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். குழந்தை அவரையே பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நாளைக்கு வ…”

தார்மோ பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார்.

“வேண்டாம்!”

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். தார்மோவின் உள்ளங்கை கொளஞ்சியின் வாய்மேல் இருந்தது. இருவருக்கும் மூச்சு இரைத்தது. தார்மோ திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். யாருடைய கையோ என்பதுபோல அதை மெல்ல எடுத்தார்.

“நான் உங்க ஊர்க்காரன் இல்லையே,” என்றார். “எனக்கு எதுக்குப் பயம் வருது?”

கொளஞ்சி நிலையை இன்னும் விடவில்லை.

தார்மோ குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, சொல்லாமப் போனா எனக்குத் தாங்கலை. இப்ப சொன்னாலும் தாங்காது போல இருக்கு. இவன் வந்து கதையைச் சொல்லி இதையும் கெடுத்துட்டான். எங்க ஊர்ல இருந்திருந்தா எங்க ஆளுங்க சொல்லியிருப்பாங்க. இந்த ஊர்லயே பொறந்திருந்தா, சொல்லாமப் போனதே எனக்கு இதமா இருந்திருக்கும். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கிறேன். என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

“குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்,” என்றார் செங்கமலம்.

தார்மோ போய்ப் பானையிலிருந்து மொண்டுகொண்டு வந்தார். சொம்பு ஏற்கெனவே மூட்டைக்குள் போய்விட்டதால் ரொட்டி மாவு அளக்கும் கிண்ணத்தில் கொண்டுவந்தார். செங்கமலம் முழுதும் குடித்தார். ஊசியும் நூலும் கேட்டார். எந்த மூட்டையில் இருக்கிறது என்று தார்மோவுக்கு நினைவில்லை. இரண்டு மூட்டைகளைப் பிரித்துத் தேட வேண்டியிருந்தது. கிடைத்ததும் துமியை மடியில் இருத்திப் பொத்தானைத் தைத்தார். நூலைப் பல்லால் கடித்தார். கொளஞ்சி வாசலருகே நின்றபடியே இருந்தார்.

உச்சி வெயில் ஏறிவிட்டிருந்தது. செங்கமலம் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தார். சொல்வாரா, மாட்டாரா என்று இருவரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நேராக வாசலைக் கடந்து வெளியே நடந்தார்.

தார்மோவின் முகம் கறுத்தது. பிரித்த மூட்டைகளின் நடுவே அவர் அப்படியே நின்றார். கொளஞ்சிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எதைச் சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு குருவின் பின்னால் ஓடினார்.

ஆற்றுமணல் கொதித்தது. பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தார். முன்னால் போகிற குரு ஒவ்வொரு அடியையும் பொறுக்க முடியாமல் சட்டென்று தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா! செருப்பு எங்கே?”

“அங்கே. வாசலில்.”

“மறந்துவிட்டீர்களா? நில்லுங்கள், ஓடிப்போய் எடுத்துவருகிறேன்.”

“எடுக்க வேண்டாம். மறக்கவில்லை.”

கொளஞ்சி நின்றார். திரும்பிப் பார்த்தார். தூரத்தில் வீட்டு வாசலில் தார்மோ வந்து நிற்பது தெரிந்தது. குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

கொளஞ்சியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே மறுபடி கலங்கியது. அவர் ஓடிப்போய்க் குருவைப் பிடித்தார்.

“அம்மா, செருப்பை இப்படி ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனால் அவர்கள் தேசத்தில் அதற்கு என்ன அர்த்தமோ?”

“எனக்கும் தெரியாது ஐயா,” என்றார் செங்கமலம், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. “நாளைக்கு அவரிடமே கேட்டுக்கொள்வோம்.”