நன்றாகச் சாப்பிடுகிறவருக்குப் பாதி

மருதங்கோட்டையைச் செண்பக பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. யார் வந்து சிக்கனம் என்று சொன்னாலும் தலையாட்டிவிடுவார், அவ்வளவுதான்.

சொல்வதற்கென்றே ஒருவர் பக்கத்தில் இருந்தார். பொக்கிஷ அமைச்சர் கோடியப்பர். அவர் சபைக்குள் நுழையும்போது முதலில் வயிறு வரும். பிறகு அவர் வருவார்.

அரண்மனைப் பாடசாலையில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். சாப்பாட்டுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஒரு காசு. அதைக் கொண்டுபோய்த் தெருமுனைச் சோற்றுக்கடையில் சாப்பிடுவார்கள். ஒருநாள் கோடியப்பர் ராஜாவிடம், "வயிறு நிறைந்தால் தூக்கம் வரும், தூங்கினால் படிப்பு வராது. அரைக்காசு போதும்" என்றார். ராஜா தலையாட்டினார்.

அரைக்காசுக்குச் சோற்றுக்கடைக்காரர் கஞ்சித் தண்ணீரைத்தான் ஊற்றினார். பிள்ளைகளுக்குக் கண் குழி விழுந்தது. செய்யுள் ஒப்பிக்க எழுந்தவன் 'அறம்' என்று ஆரம்பித்து 'அப்பளம்' என்று முடித்தான்.

வாத்தியார் ஓடிப்போய் வெண்காட்டனிடம் முறையிட்டார். வெண்காட்டன் சபையில் விகடம் பேசுகிறவன். அவன் ராஜாவிடம் சொல்ல, ராஜா அமைச்சரைப் பார்த்தார்.

"பிள்ளைகளுக்குச் சாப்பிடத் தெரியவில்லை" என்றார் கோடியப்பர். "நான் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்."

போனார். விருந்துச் சாப்பாட்டின் ஏப்பத்தோடு போனார். "சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர் குடியுங்கள். ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று சாப்பிடுங்கள். அரைக்காசு தாராளம்" என்று உபதேசம் செய்தார்.

மாசிலான் என்கிற மாணவன் பணிவாக எழுந்தான். "மெல்லலாம் ஐயா. மெல்லுகிற மாதிரி ஏதாவது வாயில் இருந்தால்."

கோடியப்பருக்கு மூக்கு சிவந்துவிட்டது. நேரே ராஜாவிடம் வந்தார். "அரசே, இவர்களுக்காகப் பரிந்து பேசிய வெண்காட்டனே அரைக்காசில் நடத்திக் காட்டட்டும். அமாவாசைக்குள் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடவில்லை என்றால், பாடசாலையை இழுத்து மூடிவிடலாம். வீண்செலவு மிச்சம்."

ராஜா தலையாட்டினார்.

வெண்காட்டன் பிள்ளைகளைக் கூட்டினான். "தனித்தனியாகப் போனால் அரைக்காசு. சேர்ந்துபோனால் ஒரு முடிச்சுக் காசு. இனிமேல் கடைச் சோறு வேண்டாம். நாமே பொங்குவோம்" என்றான்.

சந்தை கலைகிற நேரத்தில் போனார்கள். பூசணிக்காயைத் திரும்பச் சுமந்துபோக எந்த வியாபாரிக்கும் மனம் வராது. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கேழ்வரகும் கொள்ளும் மூட்டையாக வாங்கினார்கள். பாடசாலைக்குப் பின்னால் முருங்கை மரங்கள் நின்றன. கீரைக்கு யாரும் காசு கேட்கவில்லை. ஒருவன் களி கிண்டினான், ஒருவன் மிளகு இடித்தான், மாசிலான் கொள்ளு ரசம் வைத்தான். முதல்நாள் களி கல்லாக வந்தது. அதையும் மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

அமாவாசையன்று ராஜா வந்தார். களியும் பூசணிக் குழம்பும் ருசி பார்த்தார். மறுபடி கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகள் கன்னம் உப்பி, பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தார்கள்.

"பிரமாதம். நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்" என்றார் ராஜா.

கோடியப்பர் தொண்டையைக் கனைத்தார். "அதைத்தான் நானும் சொல்கிறேன் அரசே. அரைக்காசிலேயே இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்றால் அரைக்காசு அதிகம். நாளை முதல் கால்காசு போதும்."

ராஜா அதற்கும் தலையாட்டினார்.

ராஜாவும் அமைச்சரும் போனார்கள். மாசிலான் வெண்காட்டனைக் கும்பிட்டான். "ஐயா, இனிமேல் எங்களுக்கு உதவி செய்யாதீர்கள். நீங்கள் பரிந்து பேசாமல் இருந்து, நாங்கள் ஒழுங்காகப் பட்டினி கிடந்திருந்தால் அரைக்காசாவது மிஞ்சியிருக்கும்."

வெண்காட்டனுக்குச் சுருக்கென்றது. எழுந்துபோனான்.

மறுநாள் சபையில் அவன் கோடியப்பரை வாயாரப் புகழ்ந்தான். "அரசே, அமைச்சரின் நீதி அபாரம். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு அரண்மனை கொடுப்பதில் பாதியைக் குறைக்க வேண்டும். இதைச் சட்டமாகவே போட்டுவிடுங்கள்."

கோடியப்பர் பூரித்துப்போனார். "போடலாம் அரசே, உடனே போடலாம்."

"எல்லாருக்கும் பொதுவாகவா?" என்றார் ராஜா.

"நீதி என்றால் பொதுதானே" என்றார் கோடியப்பர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வெண்காட்டன் சபையைச் சுற்றிப் பார்த்தான். "சரி, இந்தச் சபையில் நன்றாகச் சாப்பிடுகிறவர் யார்?"

எல்லாக் கண்களும் ஒரே வயிற்றில் போய் நின்றன.

கோடியப்பர் மேல்துண்டை இழுத்து வயிற்றை மூடினார். "நானா? நான் எங்கே நன்றாகச் சாப்பிடுகிறேன்? அஜீரணம். ஏதோ இரண்டு வாய் கஞ்சி. வேண்டுமானால் வைத்தியரைக் கேளுங்கள்."

"ஐயோ பாவம்" என்றான் வெண்காட்டன். "அரசே, இவ்வளவு பெரிய சம்பளம் வாங்கியும் நம் அமைச்சரால் நன்றாகச் சாப்பிட முடியவில்லையாம். அரைக்காசு வாங்கிய பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டதை நீங்களே பார்த்தீர்கள். இவருக்கும் அரைக்காசே கொடுங்கள். அஜீரணம் ஓடிப்போகும்."

கோடியப்பருக்கு வியர்த்துவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றால் பாதி போகும். சாப்பிடவில்லை என்றால் முழுக்கப் போகும்.

"அரசே," என்றார் மெல்ல, "யோசித்துப் பார்த்தேன். வளருகிற பிள்ளைகள். பழையபடி ஒரு காசே கொடுத்துவிடலாம். அந்தச் சட்டம்கூட வேண்டாம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "ஒரு காசு எதற்கு? இரண்டாகவே கொடுங்கள். அந்த இரண்டாவது காசு உம் சம்பளத்திலிருந்து வரட்டும்" என்றார். பிறகு வெண்காட்டன் பக்கம் திரும்பினார். "உனக்கு ஒரு பொற்கிழி தரப்போகிறேன்."

வெண்காட்டன் இரண்டு அடி பின்னால் போனான்.

"இப்போது வேண்டாம் அரசே. அதை வைத்து நான் நன்றாகச் சாப்பிடுவதை அமைச்சர் பார்த்துவிட்டால், என் சம்பளம் என்ன ஆவது?"