நாரையின் தூக்கிய கால்

மூங்கில் காட்டுக் குளத்தில் மந்தாரை என்ற ஆமை முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்தது. மழை நெருங்கிவிட்டது. அதற்குள் கரையில் குழி தோண்டி இடாவிட்டால், முட்டைகள் தண்ணீரில் விழுந்து அழுகிப்போகும்.

குளத்துக்கு விதி வகுப்பது தவசி என்ற நாரை. மணல் மேட்டில் ஒற்றைக் காலில் நின்று அது விதியைச் சொல்லும். அப்போது அந்த விதி வெறும் வரைவுதான். தூக்கிய காலை ஊன்றியதும் அமலுக்கு வந்துவிடும். இந்த நுட்பம் குளத்து மீன்களுக்குக்கூடத் தெரியும். தெரிந்து என்ன பயன் என்பது வேறு கேள்வி.

ஊர்வன எல்லாம் கிழக்குக் கரையில்தான் முட்டையிட வேண்டும் என்றது தவசி. மந்தாரை ஊர்ந்து ஊர்ந்து அங்கே சேர்ந்தபோது, தாமரை இலைகளின்மேல் பனி புகைபோல அசைந்தது. அதற்குள் விதி மேற்குக் கரை என்று திருத்தப்பட்டிருந்தது. மேற்கே போனால், நாணல் நிழல் படாத இடமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு திருத்தம். நிழலோ மேகத்தோடு மேகமாக நகர்ந்துகொண்டே இருந்தது. நடப்பது தானா, கரையா என்றே மந்தாரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வழியில் ஓர் உடும்பு கரையான் புற்றில் சாய்ந்து கிடந்தது. அது தன் முட்டைகளைப் புற்றுக்குள் என்றோ இட்டாயிற்றாம். யாரையும் கேட்கவில்லையாம்.

“ஏன் அக்கா, விதி தெரிந்தவர்களுக்குத்தான் இவ்வளவு நடையா?” என்றது.

முதல் தூறல் மந்தாரையின் ஓட்டில் விழுந்தது. அது நேரே தவசியிடம் போயிற்று. நாரை கண்களை மூடி, ஒற்றைக் காலில், அடுத்த திருத்தத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தது.

“ஐயா, இப்போது எந்த விதி அமலில் இருக்கிறது?”

“பழையதை நீக்கிவிட்டேன். புதியதற்கு இன்னும் காலை ஊன்றவில்லை.”

“அப்படியானால் இந்த நிமிடம்?”

“இந்த நிமிடம் விதி எதுவும் இல்லை” என்றது தவசி, தன் துல்லியத்தைத் தானே மெச்சிக்கொண்டு. மறுபடி கண்களை மூடியது.

மந்தாரை அங்கேயே, அந்தத் தூக்கிய காலுக்கு அருகிலேயே தோண்டியது. மணல் வெதுவெதுப்பாக இருந்தது. முட்டைகள் ஒவ்வொன்றாக, அரைத் தூக்கத்தில் வரும் நினைவுகளைப்போல, குழிக்குள் இறங்கின. மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அழுத்திவிட்டு, ஆமை மெல்ல நீருக்குள் போனது.

மணல் மேட்டில் யாரும் முட்டையிடக் கூடாது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்து, தவசி காலை ஊன்றியது. மழை பிடித்துக்கொண்டது.

அடிக்கடி மாறும் விதி, மீறுகிறவரை விட்டுவிட்டு மதிக்கிறவரையே அலையவைக்கும்.