கரையை மறந்த வஞ்சிக்கொடி

வெகு வெகு காலத்துக்கு முன்னே, ஏழு மலைக்கு அப்பால் கடம்பாபுரி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ஊரைவிட உயரத்தில் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரே ஒரு மண்கரை. அந்தக் கரையைக் காக்கும் வேலை வஞ்சிக்கொடிக்கு. எறும்பு துளை போட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஊரே அவளைக் கரைக்காரி என்றுதான் கூப்பிடும்.

ஒரு வருஷம் ஆவணியில், கரையின் நடுவே ஒரு விரிசலைப் பார்த்தாள். விரல் நுழையும் அளவுதான். களிமண் குழைத்து அடைத்தால் அரை நாள் வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தாள். மறுநாள் துணி துவைத்தாள். அதற்கு மறுநாள் பானைகளை அடுக்கினாள். மூன்றாம் நாள், அடுக்கின பானைகளையே இறக்கித் திரும்ப அடுக்கினாள்.

சோம்பேறியா என்றால் இல்லை. ஓடி ஓடி வேலை செய்தாள். அந்த ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் விரிசல். தலை வாரினால் விரிசல். கண்ணை மூடினாலும் விரிசல்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் வாசலில் ஒரு பரதேசி வந்து நின்றான். அவன் பெயர் கோரண்டன். மந்திரவாதி என்பது அவளுக்குத் தெரியாது. மனசில் என்ன பாரம் என்று பரிவாக விசாரித்தான். அவளும் சொல்லிவிட்டாள். அவன் மடியிலிருந்து ஒரு செம்புச் சிமிழை எடுத்தான்.

"தள்ளிப்போட்ட வேலையை இதுக்குள்ளே சொல்லி மூடிவிடு, அம்மா. அப்புறம் அது உன்னைத் தொந்தரவு செய்யாது" என்றான்.

வஞ்சிக்கொடி சிமிழில் வாய் வைத்து, ஏரிக்கரை விரிசலை அடைக்க வேண்டும் என்று சொல்லி மூடினாள். நெஞ்சு பஞ்சு போல லேசானது. சிமிழை இடுப்பில் செருகிக்கொண்டாள். எதற்குச் செருகினோம் என்பது அடுத்த நிமிஷமே மறந்துபோனது.

அதற்குப் பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கை தானாகக் களிமண் கூடையை எடுக்கும். இது எதற்கு என்று முற்றத்தில் நிற்பாள். பக்கத்து வீட்டு நெசவுக்காரி மாதங்கி கரையைப் பற்றி ஏதோ கேட்பாள். பாதிப் பேச்சில் வார்த்தை போய், ஊ என்று காற்றுதான் காதில் விழும். அரண்மனையிலிருந்து ஓலை வந்தது. படிக்கப் படிக்க நடுவில் இருந்த எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்து ஓடின. திரும்பக் கேட்க வெட்கம். எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தாள். கரைக்காரியே தலையாட்டிவிட்டாள், கரை பத்திரம் என்று ஊரும் சும்மா இருந்தது. தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் மட்டும் தவித்தாள்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை, கோணியைப் போர்த்திக்கொண்டு வழக்கம்போல் கூடையோடு முற்றத்தில் நின்றாள். வேலியைத் தாண்டி ஒரு நீர்நாய் ஓடிவந்தது. ஏரியில் குட்டிகளோடு குடியிருக்கும் நீர்நாய்.

அது மூச்சிரைக்க என்னவோ சொன்னது. ஊ என்றுதான் கேட்டது. வஞ்சிக்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. யார் பேசினாலும் பாதியில் தனக்குக் காற்றுதான் கேட்கிறது, ஒன்றுமே புரியவில்லை என்றாள்.

நீர்நாய் கொஞ்சம் யோசித்தது. "புரியாவிட்டால் போகட்டும், கரைக்காரம்மா. ஒரு பிடி களிமண் போதும். கூடையை எடுத்துக்கொண்டு என் வாலைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்."

"எங்கே?"

"சொன்னால் உங்களுக்குக் கேட்காது. ஒரு பிடிதான்."

போனாள். கரை மேலே ஏறினால் நடுவில் வெறும் பனிமூட்டமாகத் தெரிந்தது. நீர்நாய் காலால் தட்டிக் காட்டிய இடத்தில் ஒரு பிடி வைத்தாள். கரைந்து ஓடியது. இரண்டாவது பிடி வைத்தாள். அதுவும் ஓடியது. எதற்கென்று தெரியாமலே மூன்றாவது பிடியை அழுத்திப் பிடித்தாள். அது நின்றது.

இடுப்பில் சிமிழ் படாரென்று வெடித்தது. மூட்டம் விலகியது. கன்றுக்குட்டியின் தலை நுழையும் அளவுக்கு உடைப்பு. செந்நிறமாகத் தண்ணீர் பீறிட்டது. கீழே ஊர், கூரை கூரையாக.

அந்த வேலையோடு சேர்ந்து சிமிழுக்குள் போயிருந்த ஒரு பழைய நினைவும் வெளியே வந்தது. போன வருஷம் ராஜா பார்க்க, ஊர் பார்க்க அவள் மதகுக்குப் பூசின மண் பொலபொலவென்று உதிர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். இந்த மண்ணும் உதிர்ந்தால்? ஓகோ, இதற்குத்தான் இத்தனை நாள் ஓடினேனா என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியும் பயம் போகவில்லை. பயத்தோடேயே அடுத்த பிடியை அள்ளினாள்.

கோரண்டன் கரை மேல் வந்து நின்றான். ஏரிக்கு அடியில் முழுகிக் கிடப்பது அவனுடைய கோட்டை. தண்ணீர் வடிந்தால்தான் அவனுக்கு அது கிடைக்கும். கரையைத் தன் கையால் தொட முடியாதபடி அவனுக்கு ஒரு சாபம்.

"பயந்துபோயிருக்கிறாயே. இன்றைக்கு விட்டுவிடு" என்றான். அவள் மண்ணை அள்ளினாள்.

"நல்ல மண்ணாகக் கொண்டுவந்து நாளைக்கு அழகாகச் செய்" என்றான். அவள் அள்ளினாள்.

"அதோ ஊரார் வருகிறார்கள். இந்தக் கோணலைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள்."

வஞ்சிக்கொடி நிமிர்ந்தாள். "சிரிக்கட்டும். கோணலாகவே அடைக்கிறேன்."

அவ்வளவுதான். அவள் தள்ளிப்போடும்வரைதான் அவன் மந்திரம் செல்லும். கோரண்டனின் உருவம் புகையாகக் கலைந்து மழையில் கரைந்துபோனது.

மாதங்கி முதல் ஆளாக ஓடிவந்தாள். உடைந்துவிட்டது, எல்லாரும் மண் கொண்டு வாருங்கள் என்று வஞ்சிக்கொடி வாய்விட்டுக் கேட்டாள். கூடை கூடையாக வந்தது. பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது. யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் அதற்கு மூச்சு மிச்சமில்லை.

ராஜாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர், நீர்நாய் இருக்கும் துறையில் யாரும் வலை போடக் கூடாது என்றும், கரைக்காரி கூப்பிட்டால் ராஜா முதற்கொண்டு எல்லாரும் மண் சுமக்க வேண்டும் என்றும் சட்டம் போட்டார். இனிமேல் அவள் தனியாக நிற்க வேண்டியதில்லை.

அடுத்த ஆவணியில் அவள் கூப்பிட்டாள். ராஜாவே தலையில் கூடையோடு வந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்.

"முதல் கூடையை எங்கேயாவது கொட்டுங்கள், மகாராஜா" என்றாள் வஞ்சிக்கொடி. "சரியான இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம்."